மறுத்த கேத்தரின், ஒப்புக்கொண்ட ஆன்: எட்டாம் ஹென்றியின் இரு ராணிகளில் யார் கணக்கு சரி?

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரில், "இந்தக் கல்யாணம் செல்லாது என்று ஒத்துக்கொண்டு உயிரோடு விலகிப் போ" என்ற வழி இருவருக்குத்தான் கிடைத்தது. ஸ்பெயினின் அரகான் கேத்தரின் மறுத்தார். 1536 ஜனவரி 7 அன்று கிம்போல்டன் கோட்டையில், பெற்ற மகளைப் பார்க்க அனுமதி கிடைக்காமலேயே இறந்தார். ஜெர்மானியச் சிற்றரசான கிளீவ்ஸிலிருந்து வந்த ஆன் உடனே சம்மதித்தார். மாளிகைகளும் வருமானமும் பெற்று 1557 வரை வாழ்ந்தார். இதை வைத்து ஆன் புத்திசாலி, கேத்தரின் பிடிவாதக்காரி என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் இருவரிடமும் பேசப்பட்டது ஒரே பேரம் அல்ல.

முதலில் கேத்தரினின் வழக்கு. 1501 நவம்பரில் அவர் மணந்தது ஹென்றியின் அண்ணன் ஆர்தரை. ஐந்தே மாதத்தில் ஆர்தர் இறந்துபோனார். அண்ணன் மனைவியைத் தம்பி மணக்க போப் இரண்டாம் ஜூலியஸ் 1503-ல் விலக்கு அளித்தார். 1509 ஜூன் 11 அன்று ஹென்றியுடன் திருமணம் நடந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஆண் வாரிசு இல்லாத நிலையில், சகோதரன் மனைவியை எடுப்பவன் பிள்ளையற்றுப் போவான் என்ற பைபிள் வசனம் லேவியராகமம் 20:21-ஐ ஹென்றி கையிலெடுத்தார். இறந்தவனின் மனைவியைச் சகோதரனே மணக்கச் சொல்லும் உபாகமம் 25:5 எதிர்த்தரப்புக்குக் கைகொடுத்தது.

கேத்தரினின் வாதம் வசனச் சண்டைக்குள் போகவே இல்லை. ஆர்தருடன் ஒரே படுக்கையில் இருந்தது ஏழு இரவுகளுக்கு மேல் இல்லை, உடலுறவு நடக்கவே இல்லை என்று 1528 அக்டோபரில் போப்பின் தூதர் கர்தினால் கம்பேஜியோவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். அதை வெளியே சொல்லவும் அனுமதி கொடுத்தார். அது உண்மையானால் லேவியராகமம் பொருந்தாது. கூடவே கேத்தரினுக்குத் துணையாக இருந்தவர் அவருடைய அக்கா மகன், பேரரசர் ஐந்தாம் சார்லஸ். 1527 மே மாதம் அவர் படை ரோமைச் சூறையாடியிருந்தது. போப் ஏழாம் கிளமெண்ட் அவரைப் பகைத்துக்கொண்டு ஹென்றிக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

கேத்தரினுக்கு வந்த நல்ல பேரம் ஒன்றே ஒன்றுதான்: கன்னியர் மடத்தில் சேர்வது. மரியாதை குறையாது, மகள் மேரியின் வாரிசுரிமைக்கும் வழி இருந்தது. நல்லெண்ணத்தோடு மணந்த பெற்றோரின் திருமணம் பிறகு செல்லாது என்றானாலும், பிள்ளையை முறையான பிள்ளையாகவே கொள்ளத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் மனைவி மடத்தில் சேர்ந்தால் கணவன் மறுமணம் செய்யலாமா என்பதில் சட்ட வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கேத்தரினும் தனக்கு வாய்த்த அழைப்பு இல்லறமே என்று மறுத்துவிட்டார். அவர் எடுத்த முடிவுகளில் அவருக்கு அதிக நஷ்டம் வைத்தது இதுதான். 1533-க்குப் பிறகு காட்டிய பிடிவாதத்தை இதோடு சேர்த்துக் குறை சொல்வது நியாயமில்லை. அப்போது எதிரில் இருந்தது 'இளவரசரின் விதவை' என்ற பட்டமும், மேரிக்கு முறையற்ற பிள்ளை என்ற பெயரும் மட்டுமே.

1529 ஜூன் 21 அன்று பிளாக்ஃபிரையர்ஸ் விசாரணையில் ஹென்றியின் முன் மண்டியிட்டுப் பேசிவிட்டு, ரோமில்தான் இதற்கு நீதி என்று சொல்லி வெளியேறினார். அந்த மேல்முறையீடு வழக்கை நான்கு ஆண்டுகள் இழுத்தது. ஹென்றி கடைசியில் கதவையே அடைத்தார்: 1533-ல் ரோமுக்கு மேல்முறையீடு செய்வதைத் தடுக்கும் சட்டம், மே 23 அன்று டன்ஸ்டபிளில் கேன்டர்பரி பேராயர் கிரான்மரின் 'செல்லாது' தீர்ப்பு. 1534 மார்ச்சில் போப் கேத்தரின் பக்கம் தீர்ப்பளித்தபோது இங்கிலாந்தில் அதற்குக் காகித மதிப்புதான்.

1533 ஜூலையில் கேத்தரின் இருந்த ஆம்ப்ட்ஹில்லுக்குப் புதிய பட்டத்தை அறிவிக்க மவுண்ட்ஜாய் பிரபு போனார். பேச்சு முடிந்து அறிக்கையைப் படிக்கத் தந்ததும் கேத்தரின் பேனா கேட்டு வாங்கி, 'இளவரசரின் விதவை' என்று வந்த இடமெல்லாம் அடித்துவிட்டார். டிசம்பரில் வேறிடத்துக்கு மாற்ற வந்த சஃபோக் பிரபுவிடம், பக்டனில் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு, வேண்டுமானால் கதவை உடைத்துத் தூக்கிப் போ என்றார். சஃபோக் உடைக்கவில்லை.

ஆனுடைய வழக்கில் இத்தனை இழுபறி இல்லை. 1540 ஜனவரி 6 திருமணம். ஜூன் 24 அன்று ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்டார். ஜூலை 9 அன்று குருமார் மன்றம் திருமணத்தை ரத்து செய்தது. காரணங்கள் மூன்று. அரசர் மனதாரச் சம்மதிக்கவில்லை. தாம்பத்தியம் நடக்கவில்லை. சிறுவயதில் லொரெய்ன் பிரபுவின் மகன் பிரான்சிஸுடன் ஆனுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மூன்றாவதில்தான் சட்டச் சிக்கல். 'பிறகு மணப்பேன்' என்ற வாக்கை முறிக்கலாம். 'இப்போதே மணக்கிறேன்' என்ற வாக்கு அதுவே திருமணம். அது எந்த வகை என்பதைக் கிளீவ்ஸ் தூதர்கள் கொண்டுவந்த ஆவணங்கள் தெளிவாக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆர்தர் விஷயத்தில் கேத்தரின் சொல்லி ஹென்றி ஏற்க மறுத்த அதே வாதம், உறவு நடக்கவில்லை என்பது, இங்கே ஹென்றிக்கே ஆயுதம். இரவில் கைபிடித்து முத்தமிட்டு 'நல்லிரவு' சொல்கிறார், அது போதாதா என்று ஆன் கேட்டதாகத் தோழியர் சாட்சி சொன்னார்கள். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத ஆன் இதை இப்படியே பேசியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆன் கேத்தரினைப் போல ரோமுக்குப் போயிருக்கலாமே என்றால், அந்தக் கதவு கேத்தரினை முன்னிட்டே மூடப்பட்டுவிட்டது. பாதுகாக்கப் பிள்ளை இல்லை. ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் போலினின் தலை போய் நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. சம்மதக் கடிதத்தில் தன்னை அரசரின் சகோதரி என்று குறிப்பிட்டு, மோதிரத்தையும் திருப்பி அனுப்பினார். கிடைத்தவை: ரிச்மண்ட், பிளெட்சிங்லி, பிறகு ஹீவர், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு, அரசரின் மனைவி, மகள்களுக்கு அடுத்த வரிசை. நிபந்தனை, நாட்டை விட்டுப் போகக் கூடாது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஹென்றியின் ஆயுளோடு கட்டுண்டிருந்தது. 1542-ல் ஐந்தாம் மனைவி கேத்தரின் ஹோவர்டின் தலை போன பிறகு ஆனை மீண்டும் ராணியாக்க தம்பி வில்லியம் தரப்பு முயன்றது, ஹென்றி மசியவில்லை. மறு ஆண்டே வில்லியம் ஐந்தாம் சார்லஸிடம் தோற்று கெல்டர்லாந்தை இழந்தார். 1547-ல் ஹென்றி இறந்ததும் ரிச்மண்டும் பிளெட்சிங்லியும் கைமாறின. விலைவாசி ஏறியதில் வருமானமும் போதவில்லை.

கேத்தரினின் பக்கம் வரவு அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து வந்தது. 1553-ல் மேரி அரியணை ஏறினார். அவருடைய முதல் நாடாளுமன்றம் கேத்தரினின் திருமணம் செல்லும் என்று சட்டம் போட்டது. முடிசூட்டு ஊர்வலத்தில் மேரிக்குப் பின்னால் எலிசபெத்தோடு ஒரே வண்டியில் வந்தவர் ஆன். அவருடைய ரத்து அப்படியே நின்றது.