ராத்திரி மூணு மணி வலிக்கு எது தாங்குது: வலி மாத்திரையா, தூக்க மாத்திரையா, ஒத்தடமா?

சரவாங்கி, அதான் மூட்டெல்லாம் வீங்கி விறைச்சுப் போற ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், வந்து ஒன்பது வருஷம் ஆச்சு எனக்கு. பகல்ல வேலை இருக்கும், மனசு வேற எதுலயாவது கிடக்கும், எப்படியோ ஓட்டிடலாம், ஆனா ராத்திரி மூணு மணி வாக்குல மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிச்சு முழிப்பு வந்துச்சுன்னா விடியற வரைக்கும் ஃபேனைப் பாத்துட்டு கிடக்க வேண்டியதுதான். அந்த நேரம் பாத்து வலி ஏன் கூடுதுன்னா, உடம்புல தானா சுரந்து வீக்கத்தை அடக்குற கார்டிசால் நடுராத்திரில ரொம்ப கம்மியா இருக்கும், வீக்கத்தைக் கிளப்புற ஐஎல்-6 மாதிரி சமாச்சாரம் விடியக்காலைல உச்சத்துக்குப் போகும். காலைல விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகுறதும் இதனாலதான். இது புரிஞ்ச பிறகுதான் எந்த மாத்திரைங்கறதோட எத்தனை மணிக்குங்கறதையும் கேக்க ஆரம்பிச்சேன்.

வலி மாத்திரைக்குள்ளயே நிறைய வித்தியாசம் இருக்கு. சாதா டைக்ளோஃபினாக் சீக்கிரம் கேக்கும், ஆனா ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதி ஆயிடும், ராத்திரி 8 மணிக்கு சாப்பாட்டோட போட்டா மூணு மணிக்கு அதோட பலம் இருக்காது. நேப்ராக்சன் 12 மணி நேரத்துக்குக் கிட்ட தாங்கும், எட்டோரிகாக்சிப் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க. தூக்கத்தை மட்டும் பாத்தா நீளமா தாங்குறதுதான் எனக்கு ஒத்து வந்துச்சு. ஆனா பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு எட்டோரிகாக்சிப் ஆகாது, இந்த வகை எல்லாமே வயிறு, கிட்னி, ஹார்ட் மூணையும் பதம் பாக்கும், சரவாங்கியையே அடக்கக் குடுக்குற மெத்தோட்ரெக்சேட் எடுக்குறவங்க கிட்னி டெஸ்ட் பாக்காம இதை மாசக்கணக்கா போடவே கூடாது. பாராசிட்டமால் வயித்துக்கு சாது, ஆனா வீக்கத்தை ஒன்னும் பண்ணாது, மூட்டு வீங்கியிருக்குற ராத்திரில எனக்குப் பெருசா உதவுனதில்ல.

ஸ்டீராய்டை ராத்திரி போட்டா காலைல விறைப்பு இருக்காதேன்னு நானா நினைச்சு ஒரு தடவை பிரெட்னிசலோனை படுக்கப் போறப்போ போட்டேன். வலி போச்சு, தூக்கமும் சேந்து போச்சு, நெஞ்சு படபடன்னு கொட்டக் கொட்ட முழிச்சுக் கிடந்தேன். அதான் அதைக் காலைல சாப்பிட்டுட்டு போடச் சொல்றாங்க. வெளிநாட்டுல ராத்திரி 10 மணிக்கு முழுங்கினா நாலு மணி நேரம் கழிச்சு உள்ள கரையற மாதிரி ஒரு வகை இருக்கு, அது வேற, நம்ம சாதா மாத்திரைய வச்சு அதைப் பண்ண முடியாது.

தூக்க மாத்திரை விஷயத்துல நான் கண்டிப்பா சொல்லுவேன். அல்பிரசோலம் போட்டா தூக்கம் வரும், ஆனா வீக்கம் அப்படியேதான் இருக்கும், தினம் போட்டா பழகிப் போய் விட முடியாது, பாத்ரூம் போக எந்திரிக்கிறப்போ கால் தடுமாறும், ஏற்கனவே ஸ்டீராய்டால எலும்பு மெலிஞ்சவ விழுந்தா என்ன ஆகும்னு யோசிங்க. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம்னு சின்ன அளவுல சில பேருக்கு டாக்டர் தருவாங்க, உடம்பு முழுக்க வலிக்குற ஃபைப்ரோமயால்ஜியாவும் சேந்து இருக்குறவங்களுக்கு அது உதவுது, வாய் வறண்டு போகும், மறுநாள் காலைல கொஞ்சம் மந்தமா இருக்கும். ரெண்டுல ஒன்னுன்னா எனக்கு ரெண்டாவதுதான் தேவலாம்னு படுது, அதுவும் டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும்.

ஒத்தடத்துக்கு வர்றேன். புதுசா வர்றவங்களுக்கு சூடா ஐஸாங்கற குழப்பம் இருக்கும். விறைச்சுப் போன மூட்டுக்கு சூடு, சிவந்து வீங்கி தொட்டாலே கொதிக்கற மூட்டுக்கு ஐஸ், அவ்ளோதான். ஆனா ஹாட் வாட்டர் பேக் இருக்கே, அது நம்ம மாதிரி கைக்கு செஞ்சதே இல்ல. ஒரு ராத்திரி அடுப்புல வெந்நி வச்சு, மூடியைத் திருகப் பாத்தா விரல் மடங்கவே இல்ல, முந்தானையைச் சுத்தி ரெண்டு உள்ளங்கையாலயும் அழுத்தித் திருகி, கடைசில வெந்நி மணிக்கட்டுலயே கொட்டுச்சு. அத்தை சத்தம் கேட்டு வந்து, "ஏன்டி, என்னை எழுப்பக் கூடாதா"ன்னு கண்ணு கலங்கிட்டாங்க. மறுநாள் அவங்களே கல் உப்பை வாணலில வறுத்து பழைய வேட்டித் துணில மூட்டையா கட்டிக் குடுத்தாங்க, மூடி கிடையாது, திருக வேண்டாம், விரலால பிடிக்காம கையை அது மேல வச்சாலே போதும். இருக்குறதுலயே அதுதான் எனக்கு வசதி. ஒன்னு, புறங்கையில வச்சுப் பாத்து சூடு தாங்குதான்னு தெரிஞ்ச பிறகு வைங்க. கரண்ட்ல ஓடுற ஹீட்டிங் பேட் நல்லதுதான், போட்டுக்கிட்டே தூங்கிட்டா தோல் வெந்துடும், தானா ஆஃப் ஆகுறதா பாத்து வாங்கணும்.

மணிக்கட்டுக்கு ராத்திரி ஸ்ப்ளின்ட், அதான் மடங்காம பிடிச்சுக்குற பட்டை, போடுறது தலகாணில கையைத் தூக்கி வைக்கறத விட மேல். அதுலயும் கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மூணும் மரத்துப் போய் முழிப்பு வந்தா அது நரம்பு அமுங்கறதா இருக்கலாம், டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க. முட்டிக்கு அடியில தலகாணி வச்சுத் தூங்குறது சுகமாத்தான் இருக்கும், ஆனா வருஷக்கணக்கா அப்படிப் படுத்தா கால் நீட்ட முடியாம மடங்கினபடியே நின்னுடும். பாயா கட்டிலான்னா கட்டில்தான், தரைலருந்து கை ஊனி எந்திரிக்கிறது மணிக்கட்டுக்கு ஆகாது.

வலி குறைஞ்ச பிறகும் தூக்கம் வரலன்னா அது கெட்டுப் போன பழக்கமா இருக்கலாம். அதுக்கு தினம் ஒரே நேரத்துக்கு எந்திரிக்கறது, பகல்ல படுக்காம இருக்கறது, கொஞ்ச நேரம் ஆகியும் தூக்கம் வரலன்னா படுக்கையை விட்டு எந்திரிச்சு உக்காந்துட்டு கண்ணு சொக்குனா மறுபடி படுக்கறதுன்னு ஒரு முறை இருக்கு. முதல் ரெண்டு வாரம் ரொம்ப கஷ்டம், ஆனா மாத்திரைய விட இதோட பலன் நாள்பட நிக்குது. இரும்புச் சத்து கம்மியா இருந்தாலும் ராத்திரி கால் குடைச்சல் வரும், ரத்த டெஸ்ட்ல பாத்துருங்க.

இவ்ளோ பண்ணியும் வாரத்துல நாலஞ்சு ராத்திரி முழிப்பு வந்துட்டே இருந்துச்சு. முழிக்கிற நேரத்தை எல்லாம் தினசரி காலண்டர் தாள்லயே குறிச்சு வச்சு ரெண்டு வாரத் தாளையும் டாக்டர்கிட்ட நீட்டுனேன். பாத்துட்டு, "ஏம்மா, இது தூக்கப் பிரச்சனை இல்ல, நோய் அடங்கவே இல்ல"ன்னு மெத்தோட்ரெக்சேட்டை 15லருந்து 20 மில்லிகிராமுக்கு ஏத்துனாங்க. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போடுற மாத்திரை, தினம் போட்டா உயிருக்கே ஆபத்து, நான் ஞாயித்துக்கிழமைன்னு வச்சிருக்கேன், வேற நாள்ல ஃபோலிக் ஆசிட். பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆச்சு. இப்போ அந்தக் காலண்டர் தாள்ல மாசத்துக்கு மூணு நாலு குறிதான் விழுது.