அப்பத்தா புழங்கிய சாமான்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எதை வாங்கலாம், எதை விடலாம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் பழைய கண்ணாடிப் படங்களையும் தேடித்தான் வருகிறார்கள். ஓட்டல் கட்டுகிறவருக்கும் சினிமா செட் போடுகிறவருக்கும் அவை போதும். மாடு, கன்று, நெல், மோர் என்று பின்கட்டை ஓட்டிய அப்பத்தாவையோ ஆயாவையோ நினைத்து, அவர் புழங்கியது போன்ற சாமான் நாலைந்து சேர்க்க வருகிறவருக்கு இந்தத் தெரு எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. உலோகச் சாமானுக்கு இந்தத் தெருவை அடிக்க ஆளில்லை. மரச்சாமானை நிதானமாகப் பார்த்து வாங்க வேண்டும். மண்பாண்டத்துக்கு இங்கே வரவே வேண்டாம். மானாமதுரைக்குப் போய்ப் புதிதாக வாங்குவது மேல்.

சரக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் விலை பேசச் சுலபம். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பி வைப்பது வழக்கம். ஒரு வீட்டில் மூன்று நான்கு தலைமுறைச் சாமான் சேர்ந்துவிடும். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபின், அங்கே வட்டித்தொழில் நடத்திய பல வீடுகளில் வருமானம் நின்றது. பிறகு பங்காளிகள் பிரிந்தார்கள், பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள், பூட்டிய அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பித்தளையும் வெண்கலமும் வீட்டிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் எடைக்கணக்கில். ஆகவே கடைக்குள் நுழையும் முன் ஏதாவது ஒரு பாத்திரக் கடையில் பழைய பித்தளைக்கு அன்றைக்குக் கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்பதெல்லாம் பழமைக்கும் வேலைப்பாட்டுக்குமான விலை. அது தகுமா என்று பேச அப்போதுதான் பிடி கிடைக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது அளவைகள். வேலையாளுக்கு நெல் அளந்தது, மாட்டுக்குத் தவிடும் பருத்திக்கொட்டையும் அளந்தது எல்லாம் வீட்டு அம்மாவின் கைதான். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். 1956-இல் மெட்ரிக் சட்டம் வரும் முன் ஊருக்கு ஊர் படி மாறும். சின்னப் படி, பெரிய படி என்ற பேதமும் உண்டு. அதனால் தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்த்த செட் பொருந்தாது. கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். ஆழாக்கால் எட்டு முறை ஊற்றினால் படி விளிம்புவரை நிற்க வேண்டும். ஆறிலேயே வழிந்தால் அல்லது பத்து வாங்கினால் இரண்டும் வேறு வேறு ஊர்ச் சரக்கு. விளிம்பு நசுங்கியிருந்தாலும் அடித்தட்டை மாற்றிப் பற்றவைத்திருந்தாலும் அளவு மாறும்.

புழங்கிய படியை அதன் தேய்மானம் காட்டிக்கொடுக்கும். நெல்லுக்குள் குத்தி அள்ளுவதால் வாய் விளிம்பு மெலிந்திருக்கும், கை பிடிக்கிற நடுப்பாகம் வழவழப்பாக இருக்கும், அடியில் சிமெண்டுத் தரையில் இழுத்த கீறல் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கறுத்த படி என்றால் அமிலம் தடவிப் பழசாக்கியது. பாத்திரத்தில் வெட்டிய விலாசத்தையும், அதாவது சொந்தக்காரர் பெயரெழுத்தையும், நகத்தால் வருடிப் பாருங்கள். பல காலம் புளி போட்டுத் துலக்கிய எழுத்தில் விளிம்பு மழுங்கியிருக்கும். நகத்தில் பிசிறு தட்டினால் போன மாதம் வெட்டியது. ஒரு காந்தமும் கையில் இருக்கட்டும்; இரும்புக்குப் பித்தளை முலாம் போட்டது ஒட்டிக்கொள்ளும்.

மாட்டு மணி இந்தத் தெருவில் கூடை கூடையாகக் கிடைக்கிறது. அதில் பாதி எந்த மாட்டின் கழுத்தையும் பார்த்ததில்லை. நல்ல மணி வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. தட்டினால் நாதம் நீண்டு நிற்கும். பித்தளை மணி சட்டென்று அடங்கிவிடும். கயிற்றில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுங்கள், கையில் பிடித்துத் தட்டினால் எதுவும் தெரியாது. இரைச்சலாக ஒலித்தால் விரிசல். வெண்கலம் முறுக்குத் தாங்காத உலோகம், பற்றவைத்தாலும் பழைய நாதம் வராது, அதை விட்டுவிடுங்கள். பிறகு மணியின் காதைப் பாருங்கள். கயிறு உரசும் மேல்வளைவு உள்பக்கமாகத் தேய்ந்திருக்க வேண்டும். வாய்க்குள் நாக்கு மோதும் இடங்களில் மட்டும் பளபளப்பான பள்ளம் இருக்க வேண்டும். நாக்குக்குப் பதில் நட்டு கட்டியிருப்பார்கள். அது குறையல்ல, பழைய நாக்கு அறுந்து விழுவது சகஜம். சலங்கைப் பட்டையில் தோல் எப்போதும் புதிதாகத்தான் இருக்கும், அதற்குப் பழைய விலை கொடுக்காதீர்கள்.

பெரிய தவலை ஒன்றைக் காட்டி ‘இது பால் தவலை’ என்று சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். சிவகங்கைச் சீமையின் நாட்டு மாடு புலிக்குளம். உழவுக்கும், வயலில் கிடை போட்டு எருவாக்கவும், மஞ்சுவிரட்டுக்கும் பேர்போன இனம், பாலுக்கு அல்ல. அண்டா நிறையப் பால் கறந்த வீடு இந்தப் பக்கம் அபூர்வம். அந்தத் தவலை தண்ணீருக்கோ விசேஷத்துச் சமையலுக்கோ வைத்திருந்தது. கறவைக்குப் புழங்கியது இரண்டு முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொள்ளத் தோதான செம்புதான். அதைத் தேடுங்கள், விலையும் குறைவு.

செம்பிலோ பித்தளையிலோ பால் காய்ச்ச, மோர் வைக்க எண்ணமிருந்தால் ஈயம் பூசாமல் தொடாதீர்கள். புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். பூசும் முறை: உள்பக்கத்தைப் புளியும் மணலும் போட்டுத் துலக்கி, அடுப்பில் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, ஈயக் கம்பியைத் தேய்த்து, உருகியதும் பஞ்சால் ஒரே வீச்சில் பரப்ப வேண்டும். சூடு போதாவிட்டால் திட்டுத் திட்டாக நிற்கும், அழுக்கு இருந்த இடத்தில் பிடிக்கவே பிடிக்காது. பூசுவது வெள்ளீயமா என்று கேட்டு வாங்குங்கள். காரீயம் கலந்தால் விலை மலிவு, உடம்புக்கு விஷம். வெள்ளைக் காகிதத்தில் உரசிப் பார்த்துக் கரிக்கோடு விழுந்தால் காரீயம் இருக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், எனவே வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக்கூடாது. ரசத்துக்கான ஈயச்செம்புக்கும் இதே விதிதான். அதிலோ முழுப் பாத்திரமே உருகிப் போகும். தேய்க்கக் கம்பி நார் வேண்டாம், தேங்காய் நாரும் சாம்பலும் போதும். உள்ளே செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மறுபடி பூசும் காலம்.

மத்து வாங்கும்போது தலையின் செதுக்கலில் மயங்க வேண்டாம், தண்டைப் பாருங்கள். கடைகயிறு சுற்றி இழுத்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் அந்த மத்து தயிரையே கண்டதில்லை. தலை பானைக் கழுத்தில் உரசாமல் நுழைய வேண்டும், தண்டின் மேல்பகுதி தூணில் கட்டும் வளையத்துக்கு எட்ட வேண்டும். கடையப்போகிறீர்கள் என்றால் விடியும் முன் கடையுங்கள். வெயில் ஏறினால் வெண்ணெய் இளகித் திரளாது.

மரத்தில் உளுப்புதான் பெரிய தொல்லை. துளை இருப்பது குற்றமில்லை, உள்ளே பூச்சி உயிரோடிருக்கும் துளைதான் வம்பு. சாமானை வெள்ளைத் துணிமேல் தட்டி ஓரிரவு வைத்தால் புதுத் தூள் விழுகிறதா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள். மரத்தாலான மரக்கால் அளவையில் உலோகப் பூண் ஆடுகிறதா என்றும் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருக்கும். புது வார்னிஷ் அடித்த எதையும் பாதி விலைக்குக் கேட்கலாம்.

எனாமல் சாமான் ஸ்வீடனிலிருந்தும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்தும் வந்தது, பார்க்க அழகு. உள்பக்கம் சில்லு பெயர்ந்திருந்தால் அலமாரிக்கு மட்டும். பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் உடம்புக்கு ஆகாத நிறமிகள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றில் புளிப்பு எதையும் வைக்காதீர்கள். ஊறுகாய் ஜாடிக்கு ஒரே சோதனை: தண்ணீர் நிரப்பிக் காகிதத்தின்மேல் இரவு முழுக்க வைத்து, காலையில் காகிதம் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது.

கடைக்காரர்கள் பொதுவாகப் பொறுமைசாலிகள், சாமானை எடுத்துப் பார்க்க விடுவார்கள். ஆனால் சரக்கு குவியலாகத்தான் கிடக்கிறது, விலைச்சீட்டு அநேகமாக இல்லை, எந்த வீட்டுச் சாமான் என்று கேட்டால் வருகிற கதையை அப்படியே நம்ப முடியாது. காலையில் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். பல்பு வெளிச்சத்தில் அமிலக் கறுப்பும் உண்மைக் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது சந்தேகமாக இருந்தால் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். உள்ளூர்ப் பார்சலுக்கு ஜாடிக்குள்ளும் சுற்றிலும் வைக்கோல் திணித்து மூடியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். மணியின் நாக்கைத் துணியால் சுற்றாமல் அனுப்பினால் வழியெல்லாம் மோதி விளிம்பு தெறிக்கும்.