யாங்கோனில் ஒரு தியான மையம்: சுகம் வந்த பிறகு என்ன செய்கிறார்கள்?

மகாசி சயாடோ என்ற பர்மியப் பிக்கு வகுத்த முறையில் விபஸ்ஸனா (உள்ளே நடப்பதை அப்படியே கவனிக்கும் புத்தத் தியானம்) சொல்லித்தரும் யாங்கோன் மையங்களில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். டென்ஷன் குறைய வேண்டும், தூக்கம் வர வேண்டும் என்று இடம் தேடுகிறவர்களுக்கு இவ்வளவு கஷ்டம் தேவையில்லை, காலையில் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் கொஞ்ச நேரம் கண்மூடி உட்கார்ந்தாலே போதும். பல வருடம் உட்கார்ந்து பழகி, இப்போது உட்கார்ந்த உடனே ஒரு சுகம் வருகிறது, அந்தச் சுகத்துக்காகவே உட்காரத் தோன்றுகிறது என்ற நிலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் கட்டாயம் போக வேண்டும். இந்த மையத்தின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் தெரிகிறது.

நடைமுறை எல்லா மகாசி மையத்திலும் இருப்பதுதான். விடியற்காலை மூன்று மணிக்கு மணி அடிக்கும். ஒரு மணி நேரம் உட்காருவது, ஒரு மணி நேரம் நடப்பது, இப்படியே ராத்திரி வரை. எட்டு சீலம் (எட்டு ஒழுக்க விதிகள்), மதியத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது, பேச்சும் கிடையாது. மூச்சில் வயிறு எழுவதையும் விழுவதையும் மனதுக்குள் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலி வந்தால் வலி, சத்தம் வந்தால் கேட்கிறது, யோசனை வந்தால் யோசனை. கட்டணம் எதுவும் இல்லை, விருப்பப்பட்டால் தானம் போடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சயாடோவிடம், அதாவது சொல்லித்தரும் மூத்த பிக்குவிடம், போய் அனுபவத்தைச் சொல்லும் நேரம்தான் இந்த மையத்தின் உயிர். அவர் கேட்பது எப்போதும் மூன்றே கேள்வி: என்ன தெரிந்தது, அதை எப்படிக் குறித்தீர்கள், குறித்த பிறகு அது என்ன ஆனது. கதை சொல்ல ஆரம்பித்தால் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரும்ப மூன்றாவது கேள்விக்கே கொண்டுவந்து விடுவார். எங்களோடு தட்டோன் ஊரிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார், வீட்டில் முருகனைக் கும்பிடுகிறவர், தியானத்தில் எங்கள் எல்லோரையும் விட மூத்தவர். ஒரு நாள் அவர் கண்மூடியதும் தீபாராதனை காட்டின மாதிரி உள்ளே வெளிச்சம், உடம்பு முழுக்க அலை அலையாக ஆனந்தம், கண்ணில் தண்ணீர், மணி அடித்தும் எழுந்திருக்க மனசே வரவில்லை என்று சொன்னார். சயாடோ பாராட்டவும் இல்லை, அதெல்லாம் மாயை என்று மட்டம் தட்டவும் இல்லை. "எழுந்திருக்க மனசு வரவில்லை என்றீர்களே யோகி, அதைக் குறித்தீர்களா?" என்று கேட்டார், அவ்வளவுதான். அக்கா யோசித்துவிட்டு, "வெளிச்சத்தைக் குறித்தேன் பயா, சுகத்தையும் குறித்தேன், அது பிடித்திருந்ததைக் குறிக்கவில்லை" என்றார். அடுத்த தடவை அதையும் குறியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இதை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பிக்கு எழுதிய விசுத்திமக்கம் என்ற பாலி நூலில் விபஸ்ஸனாவுக்கு வரும் பத்து உபக்கிலேசங்கள் (அழுக்குகள்) என்று ஒரு வரிசை உண்டு: ஒளி, கூர்மையான ஞானம், பிரீதி (பொங்கும் மகிழ்ச்சி), சாந்தம், சுகம், உறுதியான நம்பிக்கை, சோர்வே இல்லாத முயற்சி, தெளிந்த விழிப்பு, சமநிலை, கடைசியாக நிகந்தி. முதல் ஒன்பதையும் பார்த்தால் எதற்காகத் தியானம் செய்கிறோமோ அதெல்லாம் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அவற்றில் குற்றமும் இல்லை, அழுக்கு வந்து உட்கார இடம் கொடுக்கின்றன என்பதால்தான் அந்த வரிசையில் இருக்கின்றன. பத்தாவதான நிகந்தி மட்டும் தானே அழுக்கு: மற்ற ஒன்பதின் மேல் வருகிற, ஆசை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு மெல்லிய ஓர் ஆசை. மகாசி முறையில் படிப்படியாக வருவதாகச் சொல்லும் 16 ஞானங்களில் நாலாவதான, எல்லாம் தோன்றி மறைவதைக் காணும் உதயப்பய ஞானத்தின் தொடக்கத்திலேயே இது வந்துவிடுகிறது, பலர் அதையே முடிவு என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்துத் தெரிவதெல்லாம் கரைந்து போவதும் பயமும் அலுப்பும்தான், அதனால் சுகமான இடத்தை விட்டு நகர யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் வழி அந்தப் பக்கமாகத்தான் போகிறது. தட்டோன் அக்காவிடம் சயாடோ கேட்ட ஒரே கேள்வி நேராகப் பத்தாவதைப் போய்த் தொட்டது. பல வருடம் சொற்பொழிவு கேட்டாலும் இது கிடைக்காது.

அதே சமயம் சுகத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம். சிறுவயதில் நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது வந்த தியான சுகத்தை நினைத்துப் பார்த்து, காமத்தோடு சம்பந்தம் இல்லாத இந்தச் சுகத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும் என்று உடம்பை வருத்தும் தவத்தை விட்டவர் புத்தர். மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி சூத்திரத் தொகுப்பில் வருகிறது. இந்த மையத்தில் அந்த நிதானம் இருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனந்தம் வந்ததா, வரட்டும், அதையும் குறியுங்கள்.

இதெல்லாம் பர்மாக்காரர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்கும் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர். அவர் காலத்துப் புத்ததத்தர் உறையூர்க்காரர், காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் உட்கார்ந்து பாலியில் எழுதினவர். நம் ஊர்ப் பெரியவர்கள் கைபட்ட விஷயம்தான் இது.

கோயங்கா என்ற ஆசிரியரின் முறையில் நடக்கும் பத்து நாள் விபஸ்ஸனா முகாம் போனவர்கள் எது நல்லது என்று கேட்பார்கள். அவரும் மண்டலேயில் பிறந்தவர், யாங்கோனில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் கற்று 1969இல் இந்தியா போனவர். அந்த முகாமில் உடம்பு முழுக்க மெல்லிய அதிர்வு ஓடும் நிலை வரும்போது அதன் மேல் ஆசைப்படாதே என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள், இரண்டு இடத்திலும் எச்சரிக்கை ஒன்றேதான். ஆனால் போதனை ஒலிப்பதிவில் வருகிறது, சந்தேகம் இருந்தால் உதவி ஆசிரியரிடம் போய்க் கேட்கலாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு அந்த ஒழுங்கு நல்லது. சுகத்தில் ஊறிப்போனவருக்கு, அவர் வாயிலிருந்து வரும் வார்த்தையைப் பிடித்து அந்த இடத்திலேயே கேள்வி கேட்கும் ஆள் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் போடும் தர்ம உரையில் ஞானங்களை ஒன்று இரண்டு என்று வரிசையாக விளக்குகிறார்கள், அதைக் கேட்டவர்கள் மறுநாள் முழுக்க நான் எதில் இருக்கிறேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுகத்தை விட இது பெரிய கவனச்சிதறல். புதியவர்களுக்கு அந்த உரையை நிறுத்தி வைக்கலாம். கூட்டம் அதிகமான நாட்களில் அனுபவம் சொல்லும் நேரம் குழுவாக மாறிவிடுகிறது. பத்துப் பேர் முன்னால் தன் ஆனந்தத்தைச் சொல்லும்போது அது கொஞ்சம் கூடித்தான் வரும், கேட்பவர்களுக்கும் அது வேண்டும் என்று ஆசை வரும். தனித்தனியாக மட்டுமே வைக்க வேண்டும், இதை நிர்வாகத்திடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தம் தியான மண்டபத்துக்குள் அப்படியே வருகிறது. அதைக் "கேட்கிறது, கேட்கிறது" என்று குறித்துக்கொள்ளலாம், சமாளித்துவிடலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதியும்போதே சொல்லிவிடுங்கள். தானமாக வரும் சாப்பாட்டில் மீனும் கறியும் இருக்கும், கேட்டால் தனியாகக் காய்கறி எடுத்து வைக்கிறார்கள், முகம் சுளிப்பதில்லை. மதியத்துக்கு மேல் பழச்சாறும் பால் கலக்காத தேநீரும் கிடைக்கும். பர்மியம் சரளமாக வராதவர்கள் மொழிபெயர்க்க ஆள் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள், நடுவில் ஒரு வார்த்தை மாறினாலும் அந்த மூன்று கேள்விக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். அப்புறம், திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) சமயத்தில் போக வேண்டாம். ஏப்ரல் லீவில் ஊரே தியானத்துக்கு வந்து நிற்கும், தனியாகப் பேச நேரம் கிடைக்காது. மழைக்காலம் முடிந்ததும் போனால் கூட்டம் குறைவு, சயாடோவும் நிதானமாகக் கேட்பார்.