38டிஎல் ப்ளஸ் திக்னஸ் கேஜ்: ரீஃபைனரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு இதத்தான் வாங்கச் சொல்லுவேன்

ப்ரெஷர் வெசல், பைப்பிங் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எந்த அல்ட்ராசோனிக் கேஜ் (சவுண்ட் அனுப்பி, திரும்பி வர்ற எக்கோவ வெச்சு மெட்டல் தடிமன அளக்கற கருவி) வாங்கலாம்னு கேட்டா என் பதில் 38டிஎல் ப்ளஸ்தான். ஒலிம்பஸ் பேர்ல வந்துட்டு இருந்தது, இப்ப கம்பெனி பேரு எவிடென்ட். விலை ஜாஸ்தி, அந்தக் காசுக்கு வெறும் நம்பர் காட்டுற சின்ன கேஜ் பலது வாங்கிடலாம், ஆனா ரீஃபைனரியில அந்த வெறும் நம்பர நம்பி ஒரு லைன ஓட விடக் கூடாதுங்கறது என் கருத்து.

இதுல ரீடிங்கோட எக்கோ அலையும் ஸ்க்ரீன்லயே தெரியும், நான் காசு குடுக்குறது அதுக்குத்தான். ப்ளேட்டுக்கு நடுவுல லேமினேஷன், அதாவது மெட்டல் உள்ளயே ஏடா பிரிஞ்ச குறை இருந்தா 12 மி.மீ. இருக்கற இடத்துல 6னு காட்டும், பதறிப் போய் வெசலையே கழட்டச் சொல்லுவாங்க. இதுக்கு நேர் எதிரா, டி790 மாதிரி ட்யூயல் ப்ரோப்ப (ஒரு பாதி சவுண்ட் அனுப்பும், மறு பாதி எக்கோவ வாங்கும்) 1 மி.மீ.க்கும் கீழ மெலிஞ்ச இடத்துல வெச்சா சில சமயம் ரெண்டு மடங்கா காட்டும், அதாவது 0.8 இருக்கற பைப்ப 1.6னு சொல்லும், அதுதான் ஆளக் கொல்ற தப்பு. அலையப் பாத்தா எது எந்த எக்கோன்னு பிடிச்சிடலாம்.

சூடான லைன்ல எடுக்கறதும் நல்லா வருது. டி790 ப்ரோப் 500 டிகிரி வரைக்கும் தாங்கும், ஆனா தொட்டு ரீடிங் வந்த உடனே எடுத்துடணும், ஆற விட்டுட்டுதான் அடுத்தது. ஸ்டீல் சூடானா அதுக்குள்ள சவுண்ட் மெதுவா போகும், ஏறத்தாழ 55 டிகிரிக்கு 1 சதவீதம் திக்னஸ் கூடக் காட்டும். 30 டிகிரியில கேலிப்ரேட் பண்ணிட்டு 280 டிகிரி பைப்ல வெச்சா 10 மி.மீ.ங்கறது 10.4க்கு மேல போயிடும், வருஷத்துக்கு 0.1 தேயற லைன்ல அது நாலு வருஷத் தேய்மானத்த அப்படியே மறைச்சிடும். கேஜ்லயே டெம்பரேச்சர் போட்டா திருத்திக் குடுக்குது, தயவு செஞ்சு அத யூஸ் பண்ணுங்க.

பெயிண்ட சுரண்டாம, பெயிண்ட் திக்னஸையும் மெட்டல் திக்னஸையும் தனித்தனியா எடுக்க டி7906 மாதிரி ப்ரோப் தனியா வாங்கணும், அது 50 டிகிரி வரைக்கும்தான், ஓடற ப்ளான்ட்டுல பாதி எடத்துக்கு ஆகாது. மெமரி 4,75,000 ரீடிங், அது போதும்.

ஆனா எவ்வளவு நல்ல கேஜும் ப்ரோப் வெச்ச எடத்தத்தான் சொல்லும். 2019 ஜூன் 21 ஃபிலடெல்ஃபியா ரீஃபைனரியில எச்எஃப் ஆல்கைலேஷன் யூனிட்ல (ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் வெச்சு பெட்ரோல்ல கலக்கற சரக்கு தயாரிக்கற பகுதி) ஒரு எல்போ, அதாவது பைப் வளைவு கிழிஞ்சு பெரிய தீ, தொடர்ந்து வெடிப்பு. பக்கத்துப் பைப்ப எல்லாம் அளந்துட்டுதான் இருந்தாங்க, அந்த எல்போ மட்டும் லிஸ்ட்லயே இல்ல. அதுல நிக்கல், காப்பர் ஜாஸ்தி, அதனால மத்ததவிட வேகமா தேஞ்சு 0.3 மி.மீ.க்கு வந்திருந்துச்சு. அந்த ரீஃபைனரிய அதோட மூடிட்டாங்க. அதனால பழைய கார்பன் ஸ்டீல் லைன் இருக்கறவங்க இந்தக் கேஜ் வாங்குற பட்ஜெட்லயே மெட்டல் கலவை பாக்குற பிஎம்ஐ வேலைக்கும் காசு ஒதுக்குங்க, ரெண்டையும் சேத்தே கேளுங்க.

வாங்கும்போது ஸ்டெப் பிளாக் (கேலிப்ரேட் பண்ற, தடிமன் தெரிஞ்ச படிக்கட்டு மாதிரி துண்டு), ஸ்பேர் கேபிள், ஹை டெம்பரேச்சர் கப்ளன்ட் (ப்ரோப்புக்கும் மெட்டலுக்கும் நடுவுல தடவற ஜெல்) மூணும் சேத்து கொட்டேஷன் வாங்குங்க. ஷட்டவுனுக்கு வாடகைக்கு எடுக்கறவங்க சர்டிஃபிகேட்ல இருக்கற ப்ரோப் சீரியல் நம்பரும் கைக்கு வந்த ப்ரோப் நம்பரும் ஒண்ணான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க, ஒரு வாடகைக் கடையில எனக்கு வேற ப்ரோப் வந்துச்சு, அதுவும் முனை தேஞ்சது.