யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்: தனி ஆளா கடைப்பிடிக்கிறதுக்கு எது கைகொடுத்துச்சு

நான் கலிமா (இஸ்லாத்த ஏத்துக்குற உறுதிமொழி) சொல்லி நாலு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சர்ச்சுக்கு ஒழுங்கா போயிருக்கேன், அதே நேரத்துல யூத மதத்த பத்தியும் நிறைய படிச்சேன். "மூணும் ஒரே வேர்ல வந்ததுதானே, அப்புறம் ஏன் இத எடுத்தே"ன்னு கேக்குறவங்களுக்கு வாயால சொல்லி சொல்லி முழுசா சொல்ல முடியாம போகுது, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் இஸ்லாம் பக்கம் நிக்கிற ஆளு, அத மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

பொதுவா இருக்குறத சீக்கிரம் சொல்லிடுறேன். படைச்சவன் ஒருத்தன், ஆபிரகாம் (இப்ராஹீம் நபி) வழி, வேதம், தர்மம், செஞ்சதுக்கு கணக்கு சொல்லணும்ங்கிறது, இதெல்லாம் மூணுலயும் இருக்கு. பிரியுற இடம் இயேசு. யூதர்களுக்கு அவர் மேசியா இல்ல, மேசியா இனிமேதான் வரணும். கிறிஸ்தவர்களுக்கு அவர் கடவுளோட மகன், பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு மூணா இருக்குற ஒரே கடவுள்ல ஒருத்தர், சிலுவையில செத்து மூணாம் நாள் உயிர்த்தவர். முஸ்லிம்களுக்கு ஈஸா நபி (அலை) பெரிய இறைத்தூதர், மேசியான்னே குர்ஆன் சொல்லுது, அவரோட அம்மா மர்யம் பேர்ல ஒரு சூராவே (குர்ஆன் அத்தியாயம்) இருக்கு, ஆனா கடவுள் இல்ல, சிலுவையில அறையப்படவும் இல்ல. எனக்கு திரித்துவம் கடைசி வரைக்கும் மனசுல உக்காரல. எத்தனையோ அறிவாளிங்க அத முழு மனசோட நம்புறாங்க, எனக்கு முடியல, அவ்ளோதான்.

ஆனா நம்பிக்கைய மட்டும் வச்சு நான் முடிவு எடுக்கல. என் வீட்ல யாரும் எந்த மதத்தையும் கடைப்பிடிக்கிறவங்க இல்ல, அப்போ நான் ஒருத்தி மட்டும் ஒரு வழிய பிடிச்சா வேலை நாள்ல, உடம்பு சரியில்லாத நாள்ல, மனசே இல்லாத நாள்ல அது எப்படி நிக்கும், இடையில விட்டுப்போனா திரும்ப எந்த இடத்துல இருந்து பிடிக்கிறது, இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாத்தையும் விட பெருசா இருந்துச்சு.

யூத மதத்த நான் வாழ்ந்து பார்த்ததில்ல, படிச்சதுதான், அதனால இங்க என் பேச்ச கொஞ்சம் கம்மியாவே எடுத்துக்கங்க. அவங்க வேதமான தோராவுல 613 கட்டளைன்னு மரபா எண்றாங்க. நாளைக்கு மூணு வேளை பிரார்த்தனை, காலையிலயும் ராத்திரியும் ஷெமா (கடவுள் ஒருத்தர்னு சொல்ற தோரா வசனங்கள்). வெள்ளி சூரியன் மறையிறதுக்கு முன்னாடி தொடங்கி சனி ராத்திரி வரைக்கும் ஷப்பாத், அன்னிக்கு செய்யக்கூடாத வேலைய 39 வகையா பிரிச்சு வச்சிருக்காங்க. அந்த ஓய்வு நாள் மாதிரி அழகான ஒண்ண நான் வேற எங்கயும் பார்க்கல, இன்னிக்கும் சொல்வேன். ஆனா அது ஒரு ஜனத்தோட சேர்ந்து வாழுற வழி. கதீஷ்ங்கிற துதி ஜெபம் சொல்லணும்னா, முறைப்படி தோரா வாசிக்கணும்னா பத்து பேர் கூடணும், ஆர்த்தடாக்ஸ்ல அந்த பத்தும் ஆம்பளைங்களாத்தான் இருக்கணும், ரிஃபார்ம் மாதிரி பிரிவுகள்ல பொம்பளைங்களையும் எண்ணுவாங்க. கோஷர் (யூத உணவு விதி) சமையலறைன்னா பால் வேற பாத்திரம், கறி வேற பாத்திரம், மத்தவங்களோட ஒரே அடுப்பு வச்சுக்கிட்டு அது லேசுல நடக்காது. மதம் மாற வர்றவங்கள அவங்க தேடி இழுக்குறதும் இல்ல, வெளியாளுக்கு நோவாவோட ஏழு கட்டளையே போதும்ங்கிறது அவங்க மரபு. எனக்கு அது நேர்மையா பட்டுச்சு, அதே சமயம் அந்த கதவு எனக்குன்னு இல்லைன்னும் புரிஞ்சுச்சு.

கிறிஸ்தவம் நேர் எதிர், கதவு விரிய திறந்து கிடக்கும். ஞானஸ்நானம், நற்கருணை, ஞாயிறு ஆராதனை, ஜெபம், வேத வாசிப்பு. கத்தோலிக்கத்துல திருவருட்சாதனங்கள் ஏழு, புராட்டஸ்டன்ட்கள்ல பெரும்பாலும் ரெண்டு. அடிப்படை என்னன்னா உன் செயலால இல்ல, கிருபையால மீட்புங்கிறது. அந்த வார்த்தைய முதல் தடவை பிரசங்கத்துல கேட்டப்போ அழுதுட்டேன், அது பொய்யில்ல. ஆனா நான் போன சபையில தினமும் எத்தனை தடவை, எந்த நேரத்துல, என்ன சொல்லி ஜெபிக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்ல, உள்ளத்துல இருந்து வரட்டும்னு விட்டுடுவாங்க. உள்ளத்துல இருந்து வராத வாரங்கள்ல நான் ஜெபிக்கவே இல்ல. ஞாயிறுக்கு ஞாயிறு பாட்டு பாடிட்டு வருவேன், நடுவுல ஆறு நாள் வெறும் நாள். துறவிகள் நேரம் பிரிச்சு ஜெபிக்கிற வழக்கம் கிறிஸ்தவத்துலயும் ரொம்ப பழசு, அந்த மாதிரி ஒரு மரபுக்குள்ள போயிருந்தா என் கதை மாறியிருக்கலாம்.

இப்போ தொழுகை. அஞ்சு வேளைன்னு கேட்டதும் எல்லாரும் மலைக்கிறாங்க, நானும் மலைச்சேன். விடியல்ல ஃபஜர் 2 ரக்அத் (நின்னு, குனிஞ்சு, ஸஜ்தா செய்யுற ஒரு சுற்று), மதியம் லுஹர் 4, சாயங்காலம் அஸர் 4, சூரியன் மறைஞ்சதும் மஃரிப் 3, ராத்திரி இஷா 4, மொத்தம் 17, இது மட்டும்தான் ஃபர்ளு (கட்டாயம்). ஒரு வேளைக்கு நிதானமா தொழுதாலும் பத்து நிமிஷத்துக்குள்ள முடியும். நேரத்த சூரியன் முடிவு பண்ணுது, என் மனநிலை இல்ல. இமாம் இல்லாம தொழலாம், பள்ளிவாசல் இல்லாம தொழலாம், சுத்தமா ஒரு இடமும் கிப்லா (மக்காவுல இருக்குற கஅபா இருக்குற திசை) எந்தப் பக்கம்னும் தெரிஞ்சா போதும். ஜமாஅத்தா (கூட்டமா சேர்ந்து) தொழுதா நன்மை கூட, ஆனா தனியா தொழுதாலும் நிறைவேறிடும். தண்ணி கிடைக்கலைன்னா ஒளுவுக்கு (தொழுகைக்கு முன்னாடி கை கால் முகம் கழுவுறது) பதிலா சுத்தமான மண்ணால தயம்மும், நிக்க முடியாதவங்க உக்காந்து, உக்கார முடியாதவங்க படுத்துக்கிட்டு, பயணத்துல நாலு ரக்அத் ரெண்டாயிடும். மாதவிடாய் நாள்ல தொழுகை கிடையாது, பின்னாடி அத திருப்பி தொழவும் வேண்டாம், நோன்ப மட்டும் எண்ணி வச்சு வேற நாள்ல பிடிச்சிடணும். மனுஷங்க வாழ்க்கைய பார்த்து போட்ட ஏற்பாடுன்னு எனக்கு தோணுனது இங்கதான்.

விட்டுப்போனா? தூங்கிட்டாலோ மறந்துட்டாலோ ஞாபகம் வந்ததும் தொழுதுடணும், அதுதான் பரிகாரம்னு நபி (ஸல்) சொன்னது ஹதீஸ்ல இருக்கு. விட்டுப்போனத களாவா (நேரம் தாண்டி) தொழுதுட்டு அடுத்த வேளைக்கு நிக்க வேண்டியதுதான். யூதத்துலயும் தெரியாம விட்ட வேளைக்கு அடுத்த வேளையில ரெண்டு தடவை சொல்லி ஈடு கட்டுற வழக்கம் இருக்கு, அதனால இது இஸ்லாத்துல மட்டும் இருக்குற விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா என்னை மாதிரி தனியா இருக்குற ஒருத்திக்கு திரும்பி வர்ற தூரம் எப்பவும் சில மணி நேரம்தான்ங்கிறது எவ்ளோ பெரிய ஆறுதல் தெரியுமா, சர்ச்சுக்கு போன காலத்துல ஒரு மாசம் விட்டுட்டா மறுபடி உள்ள போகவே கூச்சமா இருக்கும், இங்க காலையில விட்டா மதியம் லுஹருக்கு நின்னுடுறேன்.

நோன்பு பத்தி ரெண்டு வார்த்தை. யூதர்களுக்கு யோம் கிப்பூர் சுமார் 25 மணி நேரம் தண்ணி கூட இல்லாம. கிறிஸ்தவர்களோட தவக்காலம் 40 நாள், எத விடணும் எவ்ளோ விடணும்ங்கிறது சபைக்கு சபை மாறும். ரமலான் 29 இல்லன்னா 30 நாள், விடியல்ல இருந்து மஃரிப் வரைக்கும், சந்திர கணக்குங்கிறதால வருஷம் சுமார் 11 நாள் முன்னாடி நகரும். முதல் ரமலான்ல பசிய விட தூக்கம் கெட்டதுதான் என்னை வாட்டுச்சு. ஜகாத், வரம்புக்கு மேல ஒரு வருஷம் கையில நின்ன சொத்துல 2.5 சதவீதம், கணக்கு போட்டா முடிஞ்சுது. ஹஜ் இன்னும் போகல, அதனால அத பத்தி பேச எனக்கு தகுதியில்ல.

கஷ்டம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. சர்ச்சுல என் மொழியிலயே ஜெபிச்ச எனக்கு அரபியில ஓதுறது ரொம்ப நாள் அந்நியமா இருந்துச்சு. ஒவ்வொரு ரக்அத்துலயும் ஓதுற குர்ஆனோட முதல் சூரா ஃபாத்திஹாவுல ஏழே வசனம், அத சரியா ஓதவே எனக்கு ஒரு மாசம் பிடிச்சுது, உக்காந்து ஓதுற அத்தஹிய்யாத்த பேப்பர்ல எழுதி முன்னாடி வச்சுக்கிட்டுதான் ஆரம்பத்துல தொழுதேன். என் மொழியில கேக்க வேண்டியத துஆவுல (வேண்டுதல்ல) கேட்டுக்குறேன். ஃபஜர் இன்னும் எனக்கு போராட்டம்தான், வாரத்துல ஒண்ணு ரெண்டு களா ஆயிடுது.