மைனஸ் 20-இலும் ஓடுகிறது, தாளிப்புதான் ஒத்துவரவில்லை: மூன்று குளிர்காலம் பார்த்த ஹீட் பம்ப்

வீடியோ காலில் சுவரிலிருக்கும் வெள்ளைப் பெட்டியைக் காட்டினால் ஊரில் சித்தப்பா சிரிக்கிறார், "உந்தக் குளிருக்கையும் ஏசி பூட்டியிருக்கிறியோ தம்பி?" என்று. அவர் சொல்வதில் பிழையில்லை. ஏசியைப் பின்பக்கமாக ஓடவிட்டால் அதுதான் ஹீட் பம்ப். நாங்கள் ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு தொடர்வீட்டில் இருக்கிறோம். 2022 டிசம்பர் கரண்ட் பில்லைப் பார்த்து வயிறு எரிந்துதான் அடுத்த வருடம் இதைப் பூட்டினோம், கூலியோடு சேர்த்து ஏறத்தாழ 30,000 நோர்வே குரோனர். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஜப்பான்காரர் குளிர்நாடுகளுக்கென்று செய்த நோர்டிக் மாடல், அது போதும். இந்த விஷயத்தில் ஆட்கள் படுகிற பாடெல்லாம் பெரும்பாலும் கம்பெனியால் வருவதில்லை, எங்கே பூட்டினார்கள் என்பதால் வருகிறது.

நோர்வேயில் அநேக வீடுகளைப் போல எங்களுடையதும் சுவரில் பூட்டிய மின்சார ஹீட்டரில்தான் சூடானது. ஒரு யூனிட் கரண்ட் போட்டால் ஒரு யூனிட் சூடு, அதற்கு மேல் ஒன்றும் வராது. ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை அள்ளிக்கொண்டு வருகிறது. மைனஸ் 20 காற்றில் அள்ள என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். உள்ளே ஓடுகிற ஆர்32 என்ற வாயுவைத் திரவமாக்கி அழுத்தத்தைக் குறைத்தால் வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துபோகும், சாதாரண காற்றழுத்தத்திலேயே அது மைனஸ் 52 அளவில் கொதித்துவிடும். அதற்கு மைனஸ் 20 என்பது எங்களுக்குச் சுடுதண்ணீர் மாதிரி. ஆனால் குளிர் கூடக்கூட அள்ளுவது கஷ்டம்தான். பூச்சியத்துக்குக் கிட்ட ஒன்றுக்கு மூன்று கிடைத்தால், மைனஸ் 20-இல் இரண்டு கிடைப்பதே பெரிய காரியம். 2024 ஜனவரி முதல் வாரம் அப்படித்தான் போனது. பெட்டி நிற்கவில்லை, ஆனால் தனியாகச் சமாளிக்கவும் முடியவில்லை, விறகு அடுப்பை மூட்டினோம். அந்த அடுப்பைக் கழற்ற வேண்டாம் என்று வாங்கப் போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், கரண்ட் போனால் இந்தப் பெட்டி வெறும் சுவர் அலங்காரம்.

ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் சூடு வரும் என்று கடையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற ஐந்து, ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐரோப்பிய லேபிளில் மூன்று காலநிலை உண்டு. நடுத்தரக் காலநிலை என்பது பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கை வைத்துக் கணக்குப் பார்ப்பது, குளிர்ப்பகுதிக்கு ஹெல்சின்கி. விற்பனையாளர் காட்டுவது அநேகமாக ஸ்ட்ராஸ்பர்க் எண், நாங்கள் கேட்க வேண்டியது ஹெல்சின்கி எண். இரண்டாவது கேள்வி, மைனஸ் 15-இல் எத்தனை கிலோவாட் சூடு தரும் என்பது. நான் கேட்டபோது அந்தப் பையன் மேலாளரைத் தேடிப் போனான்.

இனி என் கதை. பூட்ட வந்தவர்கள் வெளிப்பெட்டியை வாசல் படிக்கு நேர் மேலே மாட்டிவிட்டுப் போனார்கள், குழாய் அங்கேதான் கட்டையாக வருமாம். டிசம்பரில்தான் விளங்கியது. பூச்சியத்தைச் சுற்றிய ஈரக் குளிரில் பெட்டியின் பின்பக்கம் உறைபனி படியும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கூட அது சூட்டைப் பின்பக்கம் திருப்பி அதைக் கரைக்கும். உஸ்ஸென்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை போல ஆவி, அப்புறம் தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீர் எங்கள் படியில் விழுந்து கண்ணாடியாக உறைந்தது. தபால்காரர் ஒருநாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடனம் ஆடினார், மனைவி சாமான் பையோடு சறுக்கி விழுந்தாள், நல்ல காலம் எலும்பு தப்பியது. இடம் மாற்ற மறுபடியும் காசு கேட்டார்கள், நாலு மாதம் மின்னஞ்சலில் சண்டை பிடித்துப் பாதிச் செலவில் முடிந்தது. ஆகவே பூட்டுவதற்கு முதலே தண்ணீர் எங்கே விழும் என்று கேளுங்கள், தரையிலிருந்து பனிமட்டத்துக்கு மேலே நிற்கிறதா என்றும் பாருங்கள். தொடர்வீடு என்றால் நிர்வாகக் குழுவின் அனுமதியும் தேவைப்படலாம், பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

உள்பெட்டி எங்களுக்கு வரவேற்பறையில், குசினிக்கு எதிரே, நடுவில் சுவர் கிடையாது. நோர்வேக்காரர் உருளைக்கிழங்கு அவிக்கிற வீட்டுக்கு அது சரி. எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கும், மிளகாய் வதங்கும், ஞாயிற்றுக்கிழமை மீன் பொரியும். மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைத் தூசி உறிஞ்சியால் இழுத்தால் போதும் என்று கையேட்டில் போட்டிருந்தது. இரண்டாம் மாதம் திறந்து பார்த்தால் தூசியும் எண்ணெயும் சேர்ந்து சாம்பல்நிறப் பிசின், விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, மணந்து பார்த்தால் கருவேப்பிலை. காற்று நுழைய முடியாததால் பெட்டி இரைந்துகொண்டிருந்தது, சூடு மட்டும் வரவில்லை. இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து சுத்தம் செய்கிறார், அவரும் மணந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கணக்குக்கு வருவோம். ஜனவரியில் 2,700 யூனிட் போன வீட்டில் இப்போது 1,900. குளிக்கிற தண்ணீரையும் குளியலறைத் தரையையும் சூடாக்குகிற கரண்டை இது தொடுவதில்லை, அதனால் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 அக்டோபரில் வந்த நிலையான மின்விலைத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு யூனிட் இங்கே 50 ஓரே, அதாவது அரைக் குரோனர்தான் என்பதால், போட்ட காசு திரும்பி வர இன்னும் சில வருடம் கூடும். இரவில் நிறுத்திக் காலையில் போடுகிற பழைய பழக்கத்தையும் விட்டுவிட்டேன், ஒரே சூட்டில் விட்டால்தான் அமைதியாக ஓடுகிறது.

குறை என்றால் மேல்மாடி. கீழே 22, பிள்ளைகளின் அறையில் 17. நோர்வேக்காரருக்குக் குளிர்ந்த அறையில் படுத்தால்தான் நித்திரை, எங்கள் மகள் தொப்பியோடு படுக்கிறாள். மேலே இன்னொன்று பூட்டுவோமா என்று கேட்டேன். முதலில் அடுப்புக்கு மேலே இருக்கிற காற்றுறிஞ்சியை மாத்துங்கோ என்றாள் மனைவி.