செங்கல் சுவரில் தெறித்த பெயிண்டை எடுக்க ஆசிட் ஊற்ற விடாதீர்கள்

திருச்சியில் உள்ள எங்கள் வீட்டின் முன்சுவர், பூச்சு வேலை இல்லாமல் வயர்கட் செங்கல் (இயந்திரத்தில் கம்பியால் அறுத்துச் செய்வது) வெளியே தெரியும்படி, இணைப்புகளில் மட்டும் சிமெண்ட் கலவை பூசும் பாயிண்டிங் செய்து கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் சன்ஷேடுக்கு வெள்ளை எமல்ஷன் அடித்தவர்கள் கீழே எதையும் விரிக்காமல் வேலை செய்ததால், ஜன்னலுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகப் பெயிண்ட் தெறித்துக் காய்ந்திருந்தது. அதை எடுத்துத் தருவதாகச் சென்ற ஆண்டு ஒரு ஒப்பந்ததாரர் வந்தார். “ஒரே நாளில் புதுச் சுவர் மாதிரி ஆக்கித் தருகிறோம் சார், செங்கலுக்கு ஒன்றும் ஆகாது” என்று உறுதி சொல்லி, 14,000 ரூபாய் பேசி, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

அவருடைய ஆட்கள் பெயர் ஒட்டாத வெள்ளை கேனுடன் வந்தார்கள். உள்ளே என்ன என்று கேட்டதற்குக் கெமிக்கல் என்று மட்டும் சொன்னார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கை எரித்த நெடியிலேயே அது கழிப்பறை கழுவும் ஆசிட் என்பது தெரிந்துவிட்டது. அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும். சுவரைத் தண்ணீரால் நனைக்கக்கூட இல்லாமல் அவர்கள் ஊற்றிய ஆசிட் சுர்ரென்று நுரைத்தபோது, பெயிண்ட் கரைகிறது என்றே நம்பினேன். உண்மையில் நுரை வந்தது பெயிண்டிலிருந்து அல்ல, செங்கற்களுக்கு இடையிலிருந்த சிமெண்ட் கலவையிலிருந்து. காய்ந்த எமல்ஷன் பிளாஸ்டிக் போன்ற ஒரு படலம் என்பதால் அந்த ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சிமெண்டையும் சுண்ணாம்பையும்தான் அரிக்கும். கறை போகவில்லை என்றதும் கிரைண்டரில் கம்பி பிரஷை மாட்டித் தேய்த்தார்கள்.

மாலையில் ஈரச் சுவர் நல்ல சிவப்பாகத் தெரிந்ததால் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் சுவர் காய்ந்த பிறகு பார்த்தால், செங்கலின் குழிகளில் வெள்ளைப் பெயிண்ட் அப்படியே இருந்தது; அதைச் சுற்றிலும் சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் உரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டுகள் விழுந்திருந்தன. இணைப்பில் நகத்தால் கீறினால் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஐப்பசி மழையில் ஜன்னலுக்குக் கீழே உட்சுவர் ஓதம் காத்தது. மழை விட்டதும் வெளியே உப்புப் பூத்தது. ஒப்பந்ததாரரோ செங்கல் தரமில்லை என்றார். அதன்பின் தொலைபேசியையே எடுக்கவில்லை.

பிறகு வந்த வயதான மேஸ்திரி ஒருவர், கைபடாமல் தப்பிய பக்கவாட்டுச் சுவரில் ஒரே ஒரு செங்கலை எடுத்துக்கொண்டு முறையைக் காட்டினார். தடித்த சொட்டுகளை மரச் சுரண்டியால் மெதுவாகப் பெயர்த்துவிட்டு, கெட்டியான பெயிண்ட் ரிமூவரைத் தடவி, காயாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, படலம் இளகியதும் நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவினார். அது முழுதாகக் காய்ந்து நிறம் தெரிந்த பிறகே அடுத்த செங்கலைத் தொட்டார். யாரிடம் வேலை கொடுத்தாலும் இப்படி ஒரு செங்கலில் செய்துகாட்டச் சொல்லுங்கள். கேனில் உள்ள பொருளின் பெயரைக் கேளுங்கள். சுவர் காயும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அரித்துப்போன இணைப்புகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பாயிண்டிங் செய்தாகிவிட்டது. ஆனால் கிரைண்டர் பட்ட செங்கற்களுக்கு அந்த மேல்தோல் திரும்ப வராது. அவற்றை வெட்டியெடுத்து மாற்றலாம் என்றால், அதே நிறத்தில் செங்கல் இதுவரை எந்தச் சூளையிலும் கிடைக்கவில்லை.